பழைய நெகட்டிவ்களுக்கு எந்த ஸ்கேனர்? கடற்கரை ஊரிலிருந்து ஓர் ஒப்பீடு

பிலிம் ஸ்கேனர் வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் டி.பி.ஐ. எண்ணைத்தான், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதைத்தான். எப்சன் வி600 பெட்டியில் 6400 என்றும், பிளஸ்டெக் ஆப்டிக்பிலிம் 8200ஐ பெட்டியில் 7200 என்றும், நிக்கான் கூல்ஸ்கேன் 5000 ஈடி பெட்டியில் 4000 என்றும் போட்டிருக்கும். எண்களை வரிசைப்படுத்தினால் நிக்கான் கடைசியில் நிற்கிறது. அவை தரும் படங்களை வரிசைப்படுத்தினால் அதுவே முதலில் நிற்கிறது, எப்சன் வி600 கடைசிக்குப் போய்விடுகிறது. இது எதனால் என்பதையும், இராமநாதபுரம் கடற்கரையில் உப்புக்காற்றும் ஈரமும் அரித்துக்கொண்டிருக்கும் பழைய நெகட்டிவ்களுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதையும், பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

பெட்டியில் இருக்கும் எண், ஸ்கேனரின் உணரி ஓர் அங்குலத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்து வாசிக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தப் புள்ளிகளில் புதிய விவரம் விழுகிறதா இல்லையா என்பதை உணரிக்கு முன்னால் இருக்கும் லென்ஸும், பிலிம் அந்த லென்ஸின் குவியத்தில் சரியாக நிற்பதும்தான் தீர்மானிக்கின்றன. லென்ஸ் மங்கலாகக் கொடுத்ததை எத்தனை நுணுக்கமாக வாசித்தாலும் மங்கல் மங்கலாகவே இருக்கும். கோப்பு மட்டும் பெரிதாகும். உண்மையான பிரிதிறனை அளப்பதற்கு 1951-இல் அமெரிக்க விமானப்படை வகுத்த கோட்டுப் பலகையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் அதன் கோடுகளில் எதுவரை தனித்தனியாகத் தெரிகிறது என்று பார்த்து, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கோட்டு இணைகள் என்று கணக்கிட வேண்டும். ஆறாம் தொகுதியின் முதல் கோடுகள் பிரிந்து தெரிந்தால் மில்லிமீட்டருக்கு 64 இணைகள். அதை இரண்டாலும் பிறகு 25.4-ஆலும் பெருக்கினால் சுமார் 3250 டி.பி.ஐ. கிடைக்கும்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் வி600 ஏறத்தாழ 1500 முதல் 1600 வரையிலும், அதே நிறுவனத்தின் வி850 புரோ ஏறத்தாழ 2300 வரையிலும், பிளஸ்டெக் 8200ஐ சுமார் 3250 வரையிலும், கூல்ஸ்கேன் 5000 சுமார் 3900 வரையிலும் எட்டுகின்றன. சொன்னதற்கும் செய்வதற்கும் இடையில் மிகக் குறைந்த இடைவெளி உள்ள கருவி நிக்கான்தான். 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள 35 எம்.எம். பிலிமில் இவை எவ்வளவு படமாக மாறுகின்றன என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகும்: 1600-இல் சுமார் மூன்றரை மெகாபிக்சல், 2300-இல் ஏழு, 3250-இல் பதினான்கு, 3900-இல் இருபது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் நல்ல பிரிண்ட் போட வேண்டுமென்றால் ஏறத்தாழ 19 மெகாபிக்சல் தேவை. போஸ்ட்கார்டு அளவுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வி600 தாராளமாகப் போதும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பலகைக் கோடுகள் ஒருபுறம் இருக்க, நம் ஊர்ப் படங்களே நல்ல சோதனைப் பொருள்களாக அமைகின்றன. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்கு, சாலைப் பாலத்தின் மேலிருந்து முக்காலி வைத்து புரோவியா ஸ்லைடில் (நெகட்டிவாக இல்லாமல் நேர்ப்படமாகவே வரும் பிலிமில்) எடுக்கப்பட்டது, கூர்மைக்குச் சரியான சோதனை. 1914-இல் திறந்து, 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றுபோன அந்தப் பாலத்தின் குறுக்குச் சட்டங்களும், அவற்றுக்குப் பின்னால் ஓடும் கம்பிகளும் எந்த இடத்தில் ஒன்றோடொன்று கலந்து பட்டையாகிவிடுகின்றன என்று பார்த்தாலே போதும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவர்களுக்கு உள்ளிருந்து, நடுப்பகலில் வெளிவெயிலை நோக்கி எடுத்த ஸ்லைடு நிழல் விவரத்துக்கான சோதனை. பவளக்கல்லின் துளைகள் இருட்டில் தெரிய வேண்டும், வெளியே மணல் வெளுத்துப்போகவும் கூடாது. அரிச்சல்முனைப் பக்கம் கரைவலை இழுக்கும் காட்சி கோடக் கோல்டு நெகட்டிவில் இருக்கிறது. வலைக் கண்ணியும் கடலின் நீலமும் அதில் சோதிக்கத் தக்கவை. இவற்றோடு, இராமநாதபுரத்து ஸ்டூடியோ ஒன்றில் யாஷிகா மேட் கேமராவால், 35 எம்.எம்.மைவிட அகலமான 120 பிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளை உருவப்படங்களையும் சேர்த்துக்கொண்டேன். எல்லா ஸ்கேனர்களிலும் மென்பொருள் தானாகச் சேர்க்கும் கூர்மையாக்கலை முற்றிலும் நிறுத்திவிட்டே ஒப்பிட்டேன்; அதை நிறுத்தாமல் ஒப்பிடுபவர் பார்ப்பது ஸ்கேனரின் லென்ஸை அல்ல, விளிம்புகளில் மென்பொருள் இழுத்த வெள்ளைக் கோட்டைத்தான்.

வி600-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாம்பன் பாலத்தின் பெரிய சட்டங்கள் தெரிகின்றன. அவற்றுக்கிடையே உள்ள பின்னல் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சாகிவிடுகிறது. 3200 டி.பி.ஐ.க்கு மேல் வைத்து ஸ்கேன் செய்வதில் நேரம்தான் வீணாகும். குவியம் நிலையானது, பிலிமைப் பிடித்துவைக்கும் சட்டமான ஹோல்டரின் உயரத்தை மாற்ற வழியில்லை. எனவே பிலிம் சற்று வளைந்திருந்தால் அந்த 1600-உம் கிடைக்காது. ஆனால் ஆவணம், ரேஷன் கார்டு, பழைய பிரிண்ட், 35 எம்.எம்., 120 என்று எல்லாவற்றையும் ஒரே கண்ணாடியில் வைத்து எடுக்க முடிகிற வசதியும், டிஜிட்டல் ஐஸ் என்னும் அகச்சிவப்புத் தூசி நீக்கமும் இருப்பதால், வீட்டு ஆல்பத்தை மட்டும் கணினியில் ஏற்ற நினைக்கும் குடும்பத்துக்கு அது போதுமானது.

வி850 வேறு தரம். அதில் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன; கண்ணாடிமேல் நேரடியாக வைக்கும் பொருளுக்கு ஒன்று, ஹோல்டரில் சற்று உயரத்தில் நிற்கும் பிலிமுக்கு இன்னொன்று. ஹோல்டரின் கால்களை உயர்த்தித் தாழ்த்தி, அந்தக் குறிப்பிட்ட இயந்திரத்துக்குக் குவியம் எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்துக்கொள்ளலாம். இதை ஒருமுறை பொறுமையாகச் செய்யாதவர் வி850-க்குக் கொடுத்த பணத்தில் பாதியைப் பயன்படுத்தவே இல்லை என்று சொல்வேன். மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு உயர வேறுபாட்டிலேயே பாலத்தின் பின்னல் தெரிவதும் தெரியாததும் அமைகிறது. 35 எம்.எம். பிலிமில் இவ்வளவு பாடுபட்டும் அது பிளஸ்டெக்கை எட்டவில்லை. வலைக் கண்ணி தெரிகிறது, கண்ணியின் முடிச்சு தெரியவில்லை.

ஆனால் 120 பிலிமுக்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவில் படம் விழும் பரப்பு ஒரு பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர். 2300 டி.பி.ஐ. என்றாலும் ஒரு பக்கத்துக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள், மொத்தம் சுமார் 25 மெகாபிக்சல். யாஷிகா மேட் எடுத்த உருவப்படத்தில் கண்ணிமை மயிர், காதணியின் கல், பட்டுப்புடவைக் கரையின் நெசவு என்று எல்லாம் வந்துவிடுகின்றன. பதினாறு அங்குலத்துக்குச் சட்டமிட்டு மாட்ட அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. நம் பகுதியில் பழைய ஸ்டூடியோக்களின் இருப்பில் பெரும்பகுதி 120 கறுப்பு வெள்ளைதான் என்பதால், ஸ்டூடியோ இருப்பைக் காப்பாற்ற நினைப்பவருக்கு நான் தயக்கமின்றிச் சொல்லும் கருவி இதுவே.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் முகத்துத் தழும்பையும் அம்மை வடுவையும் மறைக்க நெகட்டிவின் எமல்ஷன் பக்கத்தில், அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சின் பக்கத்தில், கூரான பென்சிலால் நுண்ணிய கோடுகள் இடுவார்கள். அந்தக் கைவேலைக்கென்றே பெயர்பெற்ற தொழிலாளர்கள் இருந்தார்கள். எப்சன் ஸ்கேனர்களின் ஒளி பரவலானது. அது பென்சில் தடத்தை மென்மையாகக் காட்டுகிறது, அவர்கள் நினைத்த மாதிரியே முகம் வழவழப்பாக வருகிறது. நேர்க்கோட்டில் பாயும் கடின ஒளியுள்ள ஸ்கேனர்களில் அதே முகத்தைப் போட்டால் பென்சில் கோடுகள் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன, நுண்கீறல்களும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. பரவல் ஒளிக்கும் நேர் ஒளிக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் காலியர் விளைவு என்பார்கள்; வெள்ளித் துகள்களால் ஆன கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில்தான் அது மிகுதி. கூர்மை கூடினால் எல்லாப் படமும் அழகாகும் என்று கருதுவோர் ஸ்டூடியோ உருவப்படம் ஒன்றை இரண்டு கருவிகளிலும் போட்டுப் பார்ப்பது நல்லது.

பிளஸ்டெக் 8200ஐ, 35 எம்.எம். பிலிமுக்கு மட்டுமான சிறிய கருவி. ஒரு பாடநூலை நிறுத்திவைத்த அளவுதான் இருக்கும். ஹோல்டரில் ஆறு பிரேம் கொண்ட நெகட்டிவ் துண்டை வைத்து, ஒவ்வொரு பிரேமாகக் கையால் தள்ள வேண்டும். ஹோல்டரில் பிரேமுக்குப் பிரேம் குறுக்கே மெல்லிய பட்டைகள் இருப்பதால் பிலிம் ஓரளவு தட்டையாக நிற்கிறது. குவியத்தை மாற்ற வழியில்லாத இந்தக் கருவியின் உயிர் அந்தப் பட்டைகளில்தான் இருக்கிறது. பாலத்தின் பின்னல் இதில் பிரிந்து வந்தது. வலையின் முடிச்சுகளும் வந்தன. எண் 7200 என்றிருந்தாலும் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவே. ஆனால் அந்தப் பாதியை முழுமையாகப் பெற 7200-இல்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு 3600-க்குச் சுருக்கிக்கொள்ளலாம். நேரடியாக 3600-இல் எடுத்த படம் சற்று மங்கலாகவும், கிரெயின் எனப்படும் பிலிமின் நுண்துகள் சொரசொரப்பாகவும் வருகிறது. 7200-இல் முழு வண்ண ஆழத்தோடு எடுத்த ஒரு பிரேம் நானூறு எம்.பி.யைத் தாண்டும். ஒரு ரோலுக்குப் பதினைந்து ஜி.பி. என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, சுருக்கிய பிறகு பெரிய கோப்பை அழித்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

பிளஸ்டெக்கின் பலவீனம் ஸ்லைடில் வெளிப்படுகிறது. தனுஷ்கோடித் தேவாலயத்தின் உட்சுவர் கரும்பரப்பாகி, அதில் வண்ணப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. சில்வர்பாஸ்ட் மென்பொருளில் இருக்கும் இரட்டை வெளிப்பாட்டைப் பயன்படுத்தினால், அதாவது ஒரே பிரேமை இரண்டு ஒளி அளவுகளில் வாசித்து இணைத்தால், பவளக்கல்லின் துளைகள் ஓரளவு எழுந்து வருகின்றன. அதற்கு நேரமும் அதே அளவுக்குக் கூடுகிறது. நெகட்டிவில் இந்தத் தொல்லை இல்லை. நெகட்டிவின் அடர்த்தி ஸ்லைடைவிடக் குறைவு என்பதால், தயாரிப்பாளர்கள் அச்சிடும் அடர்த்தி எண்களைப் பற்றி நெகட்டிவ் மட்டுமே வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. நம் வீடுகளில் இருப்பதில் மிகப் பெரும்பகுதி நெகட்டிவ்தான்.

இனி கூல்ஸ்கேன். 2000-களின் தொடக்கத்தில் வந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தி நின்றுபோன கருவி இது. இன்று வாங்குவதென்றால் பழையதுதான் வாங்க வேண்டும். நிக்கானின் சொந்த மென்பொருள் புதிய விண்டோஸ்களுக்கு வரவில்லை என்பதால் வியூஸ்கேன் அல்லது சில்வர்பாஸ்ட்டுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். 120 பிலிமுக்கு இதே குடும்பத்தில் 9000 ஈடி இருக்கிறது. அது கணினியோடு பேசும் பயர்வயர் இணைப்பு இன்றைய மடிக்கணினிகளில் இல்லவே இல்லை. இத்தனை இடைஞ்சலையும் பொறுத்துக்கொண்டு இதை இன்னும் தேடி வாங்குகிறார்கள் என்றால், அதன் படம்தான் காரணம். மண்டபத்தில் இருக்கும் நண்பர் ஒருவரின் கருவியில் பாம்பன் ஸ்லைடைப் போட்டபோது, பாலத்தின் சட்டங்களில் வெயில் விழும் விளிம்பும் நிழல் விழும் விளிம்பும் தனித்தனியாகத் தெரிந்தன. தானியங்கிக் குவியம் இருப்பதால், ஒவ்வொரு பிரேமுக்கும் எமல்ஷன் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கேயே லென்ஸ் சென்று நிற்கிறது. எப்சனில் காலை உயர்த்தித் தாழ்த்தித் தேடும் வேலையை இது தானே செய்துகொள்கிறது. தேவாலயத்தின் நிழலும் சுத்தமாக வந்தது. ஒரே வரியைப் பலமுறை வாசித்துச் சராசரி எடுக்கும் வசதி அதற்கு உதவுகிறது.

குறை எங்கே என்றால், அதன் குவிய ஆழம் மிகக் குறைவு. பிலிம் நடுவில் மேடாகவும் ஓரங்களில் பள்ளமாகவும் வளைந்திருந்தால் நடுவில் கிரெயின் கூர்மையாகவும், மூலைகளில் நுரைத்தாற்போலவும் வருகிறது. நம் கடற்கரையில் இது சாதாரண விஷயமல்ல. எமல்ஷனில் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி விரிவதும், உலர்ந்து சுருங்குவதுமாக இருக்கிறது. காய்ந்த காற்றில் பிலிம் எமல்ஷன் பக்கமாகச் சுருள்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் தளர்ந்து கொடுக்கிறது. ஆகவே ஒரே நெகட்டிவை சித்திரை வெயிலில் எடுத்தால் மூலைகள் மங்கலாகவும், அடைமழையில் எடுத்தால் ஓரம்வரை கூர்மையாகவும் வருவதைப் பார்க்க முடிகிறது. அதற்காக மழைக்காலத்துக்குக் காத்திருப்பதும் சரியல்ல. அப்போது பிலிம் கண்ணாடியிலும் பிளாஸ்டிக் உறையிலும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் பளபளப்பான திட்டு விழுந்துவிடும். வளைந்த துண்டுகளைத் தாளுறையில் போட்டு, கனமான நூல்களுக்கு அடியில் சில வாரங்கள் வைத்திருந்து எடுப்பதே பாதுகாப்பான வழி. கண்ணாடி வைத்த ஹோல்டரில் அழுத்தியும் எடுக்கலாம். ஆனால் சாதாரணக் கண்ணாடியில் பிலிமின் வழவழப்பான பக்கம் பட்டால் நியூட்டன் வளையங்கள் என்னும் வானவில் நிற வளையங்கள் விழும். அதற்கென்று சொரசொரப்பாக்கிய கண்ணாடி வேண்டும்.

உப்புக்காற்று கூல்ஸ்கேனுக்குச் செய்யும் தீங்கு இன்னொன்று. அதன் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. முகப்பிலேயே பூச்சுள்ள அந்தக் கண்ணாடியில் தூசியும் படலமும் படிந்தால், வெளிச்சமான பகுதியின் விளிம்பிலிருந்து ஒரு மங்கல் ஒளி இருட்டுக்குள் கசிகிறது. கூர்மை அப்படியே இருக்கும், பாலத்தின் சட்டங்கள் தெரியும், ஆனால் வானத்தை ஒட்டிய சட்டமெல்லாம் லேசான பனிக்குள் நிற்பது போலத் தோன்றும். லென்ஸில் குறை என்று நினைத்துக் கருவியையே விற்றுவிட்டவர்கள் உண்டு. திறந்து துடைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பூச்சு மென்மையானது, துணியால் அழுத்தித் துடைத்தால் கண்ணாடியே போய்விடும். திறமையான கை கிடைக்காத ஊரில் இதை வைத்திருப்பது பழைய வெளிநாட்டுக் காரை வைத்திருப்பதைப் போன்றது. நான் இந்தப் பகுதியில் இருப்பவருக்குக் கூல்ஸ்கேனைப் பரிந்துரைக்கத் தயங்குவது இந்த ஒரு காரணத்தால்தான். படத்தின் தரத்தைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை.

ஸ்கேனர் வாங்காமலேயே வேலையை முடிக்கும் வழியும் இருக்கிறது. 24 மெகாபிக்சல் கேமராவும், ஒன்றுக்கு ஒன்று அளவில் நெருங்கிப் படம்பிடிக்கும் மேக்ரோ லென்ஸும், வண்ணத்தைப் பிசகாமல் காட்டும் எல்.இ.டி. ஒளிப்பலகையும் இருந்தால் நெகட்டிவைப் படமாகவே எடுத்துவிடலாம். 36 மில்லிமீட்டர் அகலத்தில் ஆறாயிரம் புள்ளிகள் விழுவதால் 35 எம்.எம். பிலிமுக்கு இது 4200 டி.பி.ஐ.க்குச் சமம், லென்ஸ் நன்றாக இருந்து, குவியத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து வைத்தால், பாலத்தின் பின்னலில் கூல்ஸ்கேனோடு இது தோள் உரசி நிற்கிறது. ஸ்கேனர் ஒரு பிரேமுக்குச் சில நிமிடம் எடுக்கும் இடத்தில் கேமராவுக்கு ஒரு நொடிகூட வேண்டாம். ஊரில் திருமணப் படம் எடுப்பவர்களிடம் இந்தக் கேமராவும் பெரும்பாலும் மேக்ரோ லென்ஸும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதால் செலவும் குறைவு. ஆனால் 120 பிலிமை ஒரே படத்தில் அடக்கினால், 56 மில்லிமீட்டருக்கு நாலாயிரம் புள்ளிகளே கிடைக்கும். அது சுமார் 1800 டி.பி.ஐ., வி850-ஐவிடக் குறைவு. துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால்தான் அதை மிஞ்ச முடியும். கேமராவின் சென்சாரும் பிலிமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் முழுவதும் மங்கிவிடும். இரண்டையும் இணையாக்க, பிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடியை வைத்து, லென்ஸ் தன் முகத்தைத் திரையின் நடுவில் பார்க்கும்வரை சரிசெய்தால் போதும்.

நிறத்தில் கேமரா முறைக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது. கலர் நெகட்டிவின் ஆரஞ்சுப் பூச்சை ஸ்கேனர் மென்பொருள்கள் தாமே கழித்துவிடுகின்றன. கேமராவில் எடுத்ததை நெகட்டிவ் லேப் புரோ போன்ற மென்பொருளில் திருப்ப வேண்டும். அரிச்சல்முனைக் கடல் அதில் முதலில் பச்சையாக வந்தது. மணலை வைத்துச் சமன்படுத்திய பிறகே, ஒருபுறம் கலங்கியும் மறுபுறம் நீலமாகவும் இருக்கும் அந்தத் தண்ணீர் அதன் இயல்புக்கு வந்தது. நிறத்தில் எனக்கு மிகவும் நிறைவளித்தது கூல்ஸ்கேனும், அதற்கு அடுத்து வி850-உம்தான்.

கேமரா முறையின் பெரிய குறை தூசி நீக்கம் இல்லாததே. நம் ஊர் நெகட்டிவ்களைப் பொறுத்தவரை இது கூர்மையைவிட முக்கியமான செய்தி. டிஜிட்டல் ஐஸ், பிளஸ்டெக்கோடு வரும் சில்வர்பாஸ்ட்டின் அகச்சிவப்புத் தூசி நீக்கம் ஆகியவை வேலை செய்யும் விதம் எளிமையானது: கலர் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை, தூசியும் கீறலும் தடுக்கின்றன, ஆகவே அகச்சிவப்பில் ஒருமுறை வாசித்தால் தூசியின் வரைபடம் மட்டும் தனியே கிடைத்துவிடுகிறது, மென்பொருள் அந்த இடங்களைச் சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்புகிறது. அதனால் கூர்மை மிகச் சிறிதளவே குறைகிறது. ஆனால் சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கிறது. ஆகவே அங்கே இந்த வசதியை இயக்கினால் படத்தையே தூசியாக நினைத்து அழித்துவிடும். கோடக்கின் பழைய ஸ்லைடு வகையான கோடகுரோமிலும் இது நம்பகமாக இல்லை. ஸ்டூடியோ இருப்பில் உள்ள கறுப்பு வெள்ளையைக் கையால்தான் சுத்தம் செய்தாக வேண்டும், எந்தக் கருவி வாங்கினாலும் சரி.

பூஞ்சை இன்னொரு கதை. காற்றில் ஈரப்பதம் அறுபது விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் ஜெலட்டினைத் தின்று பூஞ்சை வளரும். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரையோர வீடுகளின் பீரோக்களில் இருக்கும் நெகட்டிவ்களில் அந்தச் சிலந்திவலைத் தடத்தைப் பார்க்காமல் இருப்பதே அரிது. மேற்பரப்பில் மட்டும் படர்ந்த பூஞ்சையை அகச்சிவப்பு ஓரளவு மறைக்கிறது. ஜெலட்டினையே தின்றுவிட்ட இடத்தில் மறைக்க எதுவுமில்லை, அங்கே படம் இல்லை. கூல்ஸ்கேனின் கடின ஒளியில் பூஞ்சைத் தடம் மிகத் துல்லியமாகத் தெரிவதும், வி850-இன் பரவல் ஒளியில் பாதி மறைந்துபோவதும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது எனக்கு வியப்பளித்தன. பூஞ்சை பிடித்த 35 எம்.எம். கறுப்பு வெள்ளைக்கு, குறைந்த கூர்மையுள்ள எப்சனே மேலான படத்தைத் தந்தது. பூஞ்சை பிடித்த பிலிமைத் தண்ணீரில் கழுவலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படம் கையோடு வந்துவிடும். பிலிம் சுத்தம் செய்வதற்கென்று விற்கும், தண்ணீர் கலக்காத திரவத்தைப் பஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

லேபில் கொடுத்து ஸ்கேன் செய்துகொள்வதைப் பற்றியும் ஒரு சொல். மதுரையிலும் சென்னையிலும் இந்தச் சேவை கிடைக்கிறது. நான் கொடுத்த இடம் ஒன்று ஜேபெக் கோப்புகளாகக் கொடுத்தது, கரைவலைப் படத்தில் மணல் முழுவதும் வெள்ளைத் தாளாகிவிட்டது. அதே நெகட்டிவில் மணலின் காலடித் தடங்கள்கூட இருப்பதைப் பிளஸ்டெக் காட்டியது. லேபில் கொடுப்பவர், விவரத்தைச் சுருக்கி இழக்காத 16 பிட் டிஃப் கோப்பு கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. கிடைக்காதென்றால் ஆல்பத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அங்காடிகளில் மலிவாக விற்கும், சிறு திரை வைத்த, கணினி வேண்டாத பெட்டி ஸ்கேனர்களை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அவற்றின் உள்ளே இருப்பது ஒரு சிறிய கேமரா மட்டுமே. மெகாபிக்சலை மென்பொருளால் ஊதிக் காட்டுகின்றன, நிழலையும் வெளிச்சத்தையும் வெட்டிவிடுகின்றன.

ஒருவரிடம் 35 எம்.எம். கலர் நெகட்டிவ்கள் மட்டும் இருந்தால் பிளஸ்டெக் 8200ஐ வாங்கலாம். அதைவிட விலை குறைந்த 8100-ஐக் கடைக்காரர் காட்டுவார். லென்ஸும் கூர்மையும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் அதில் அகச்சிவப்பு இல்லை, இந்தக் கடற்கரையில் அது இல்லாமல் சமாளிக்க முடியாது. ஸ்டூடியோ இருப்பென்றால் வி850. நல்ல கேமரா கையில் இருந்து, நெகட்டிவ்கள் சுத்தமாக இருந்தால் ஒளிப்பலகையும் ஹோல்டரும் மட்டும் வாங்கிக்கொண்டு கேமரா முறையில் இறங்கலாம். கூல்ஸ்கேன்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர், விற்பவரிடம் கருவியின் புகைப்படத்தைக் கேட்பதில் பயனில்லை. வெளிச்சமான வானத்துக்கு எதிரே கறுத்த விளிம்புள்ள ஸ்லைடு ஒன்றை, தூசி நீக்கத்தையும் கூர்மையாக்கலையும் நிறுத்திவிட்டு, 4000 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து அசல் டிஃப் கோப்பை அனுப்பச் சொல்ல வேண்டும். விளிம்பிலிருந்து இருட்டுக்குள் ஒளி கசிந்திருந்தால் உள்கண்ணாடி துடைக்கும் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். நான்கு மூலைகளிலும் கிரெயின் ஒரே மாதிரி இல்லாவிட்டால், அதே ஸ்லைடைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு இன்னொரு கோப்பு கேட்க வேண்டும். மங்கல் ஸ்லைடோடு சேர்ந்து இடம் மாறினால் குறை பிலிமின் வளைவில். மாறாமல் அதே மூலையில் நின்றால் குறை கருவியில், அதை வாங்க வேண்டாம்.